அப்சிடியன் வால்ட்டோடு ஏஐயை இணைத்தாயிற்று, ஆனால் இருக்கிற குறிப்பையே இல்லை என்கிறது

நாகலூர்_காப்பி

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்குச் சின்ன காப்பித் தோட்டம், நிழலுக்கு சில்வர் ஓக், அதன்மேல் மிளகுக் கொடி. மழை அளவு, மருந்து அடித்த தேதி, ஆள் கூலி, எந்த பிளாக்கில் எவ்வளவு செடி பிடுங்கினோம் என்று எல்லாமே அப்சிடியன் என்ற குறிப்பேட்டுச் செயலியில்தான் கிடக்கிறது. பாதி தமிழ், பாதி தங்கிலீஷ், நிறைய அவசரத்தில் போனில் தட்டியது. கிளாட் என்ற ஏஐயின் டெஸ்க்டாப் செயலியில், கணினிக் கோப்புகளை ஏஐ படிக்க வழி தரும் ஃபைல்சிஸ்டம் எம்சிபி சர்வரைப் போட்டு, குறிப்பெல்லாம் இருக்கும் வால்ட் ஃபோல்டரைக் காட்டிவிட்டேன், கனெக்ட் ஆகிறது, ஃபோல்டர் பட்டியலும் சரியாகச் சொல்கிறது.

ஆனால் "தண்டுத்துளைப்பான் அதிகம் வந்த பிளாக் எது" என்று கேட்டால் அப்படி எந்தக் குறிப்பும் இல்லை என்கிறது! நானே கண்ணால் பார்க்கிறேன், இருக்கிறது. காப்பித் தண்டைத் துளைக்கும் அந்தப் பூச்சியின் வண்டு அக்டோபரில் மறுபடி பறக்க ஆரம்பிக்கும், அதற்குள் அடிபட்ட செடியைத் தேடிப் பிடுங்கி எரிக்க வேண்டும், அதற்குத்தான் இந்தப் பட்டியல் அவசரமாகத் தேவை. இன்னொன்று, இதற்கு எழுதும் அனுமதியும் கொடுக்கலாமா? தினக் குறிப்பை அதுவே ஒழுங்குபடுத்தினால் நல்லது என்று ஒரு ஆசை.

அஸ்தம்பட்டி_டெவ்

அண்ணா, கனெக்‌ஷனில் கோளாறு இல்லை. அந்த ஃபைல்சிஸ்டம் சர்வரில் இருக்கிற தேடல் கோப்பின் பெயரை மட்டும்தான் பார்க்கும், உள்ளே எழுதியிருப்பதைப் பார்க்காது. உங்கள் கோப்பெல்லாம் வெறும் தேதிப் பெயரில் இருக்கும் என்று நினைக்கிறேன், அப்புறம் "துளைப்பான்" என்று தேடினால் எங்கிருந்து வரும். ஒவ்வொரு கோப்பாகத் திறந்து படித்தால் கிடைக்கும், நீங்கள் சொல்லாமல் அது அவ்வளவு மெனக்கெடாது.

அப்சிடியனில் லோக்கல் ரெஸ்ட் ஏபிஐ என்று ஒரு பிளகின் இருக்கிறது. அதைப் போட்டு, அதோடு பேசுகிற எம்சிபி சர்வரை இணைத்தால் குறிப்புக்குள் இருக்கும் எழுத்தையே தேடும். பிளகின் தரும் ஏபிஐ கீயை (கடவுச்சொல் மாதிரி ஒன்று) சர்வர் செட்டிங்கில் கொடுக்க வேண்டும், அப்சிடியன் திறந்தே இருக்க வேண்டும், மூடினால் அதுவும் போய்விடும். இதெல்லாம் தலைவலி என்றால் பிளாக்குக்கு ஒரு குறிப்பு வைத்து, அதில் சம்பந்தப்பட்ட நாட்களின் இணைப்பை மட்டும் போட்டுவாருங்கள். "முதலில் இதைப் படி, பிறகு இணைப்புகளைத் திற" என்று சொன்னால் பழைய சர்வரே போதும். நான் இந்த இரண்டாவது வழிதான் சொல்வேன், பிளகின் நின்றாலும் குறிப்பு நிற்கும்.

எழுதும் அனுமதி: இப்போதைக்கு வேண்டாம். அந்த சர்வரில் எழுதும் கருவி ஏற்கெனவே இருக்கிறது, அது கேட்கும்போது "எப்போதும் அனுமதி" என்று தட்டிவிடாதீர்கள். டாக்கரில் (நிரலைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) ஓட்டினால் ஃபோல்டரைப் படிக்க மட்டும் என்று கட்டிப்போடலாம். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் வால்ட்டை கிட்டில் (மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) போடுங்கள், எது மாறியது என்று வரி வரியாகத் தெரியும், பிடிக்காவிட்டால் திருப்பிவிடலாம்.

செவ்வாய்ப்பேட்டை_பட்டறை

நான் கொலுசுப் பட்டறை. ஆர்டர், டிசைன், சேதாரக் கணக்கு எல்லாம் நோஷன் என்ற இணையக் குறிப்பேட்டில். அதற்கு நோஷனே எம்சிபி சர்வர் தருகிறது, லாகின் பண்ணினால் முடிந்தது, இந்த ஃபோல்டர் வேலையெல்லாம் இல்லை. ஆனால் உங்கள் கணக்குக்கு என்னென்ன அனுமதி உண்டோ அதெல்லாம் ஏஐக்கும் உண்டு, அது ஒன்று.

இன்னொன்று, உங்கள் பதிவில் "ஆள் கூலி" என்று படித்ததும் திக்கென்றது. சர்வர் உங்கள் கணினியில் ஓடுகிறது என்பதால் எல்லாம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். படித்த குறிப்பு பதில் சொல்வதற்காக ஏஐ கம்பெனியின் சர்வருக்குத்தான் போகிறது. வேலையாட்கள் பெயர், போன் நம்பர், வங்கிக் கணக்கு எல்லாம் அந்த வால்ட்டில் இருக்கிறதா?

எழுத்துரு_கிறுக்கன்

அஸ்தம்பட்டி சொன்னதைச் செய்தாலும் உங்களுக்குப் பாதிதான் கிடைக்கும், ஏனென்றால் குறிப்பு தமிழில் இருக்கிறது. வெறும் எழுத்துத் தேடலில் "மரம்" என்று போட்டால் "மரத்தில்", "மரங்களுக்கு" எதுவும் சிக்காது. "மிளகு" போட்டால் "மிளகை" வராது. சரி, "மிளக" என்று சுருக்கிப் போடுவோம் என்றால் வீட்டு மிளகாய்க் கணக்கும் சேர்ந்து வந்து நிற்கும் :) அதனால் ஏஐயிடமே "இந்தச் சொல்லை எல்லா வேற்றுமையிலும், தங்கிலீஷிலும், போரர், தண்டுப்புழு மாதிரி மாற்றுப் பெயரிலும் தேடு" என்று சொல்லுங்கள். அந்த வேலையை அது நன்றாகவே செய்யும்.

இதைவிடக் கள்ளத்தனமான ஒன்று இருக்கிறது. "போரர்", "தோட்டம்", "கொடி" மூன்றிலும் வரும் ஒகர, ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், தேடலுக்கு வேறு வேறு சொல். எல்லாம் எந்த விசைப்பலகையில் தட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது. வால்ட் முழுவதையும் ஒரு முறை என்எஃப்சி வடிவத்துக்கு (இந்தக் குறிகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும் யூனிகோடு வடிவம்) மாற்றிவிடுங்கள், பைத்தானில் சில வரிதான், நகல் எடுத்துக்கொண்டு ஓட்டுங்கள்.

டிடிபி கடையில், யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கணக்கு ஏதும் இருந்தால் அது ஏஐக்கு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல்தான், யூனிகோடுக்கு மாற்றியபிறகு போடுங்கள். "எல்லாவற்றையும் படி" என்று மொத்தமாகவும் விடாதீர்கள், தமிழ் டோக்கனை (ஏஐ எழுத்தை வெட்டி எண்ணும் துண்டு) நிறையத் தின்னும். ஓப்பன்ஏஐ 2024 மே மாதம் ஜிபிடி-4ஓவை வெளியிட்டபோது காட்டிய எடுத்துக்காட்டில் ஒரே தமிழ் வாசகம் பழைய முறையில் 116 டோக்கன், புதியதில் 35. குறைந்திருக்கிறது, ஆனாலும் இலவசமில்லை.

நாகலூர்_காப்பி

பாமினி இருக்கிறது! அப்பா காலத்து மகசூல் கணக்கு முழுக்க அதில்தான். வேற்றுமை, மாற்றுப் பெயர் யோசனையைச் செய்து பார்த்தேன், கீழ் பிளாக்கில் பிடுங்கிய கணக்கு வந்துவிட்டது, நன்றி. "போரர்" என்று தேடினால் இன்னும் பாதிதான் வருகிறது, அந்தக் கொம்பு விஷயம்தான் போல, மாற்றிப் பார்க்கிறேன்.

பட்டறை அண்ணா, ஆமாம், நம்பரோடுதான் இருக்கிறது. அப்படியானால் வெளியே எதுவும் போகாமல் மடிக்கணினியிலேயே ஓட்ட வழி உண்டா? இங்கே மழை பிடித்தால் சிக்னலும் போய்விடும்.

அஸ்தம்பட்டி_டெவ்

உண்டு. மாடலை உங்கள் கணினியிலேயே ஓட்டும் ஒல்லாமாவைப் போட்டு, தேடலுக்கான பிஜிஇ-எம்3 மாடலை இறக்குங்கள், ஒன்றேகால் ஜிபிக்குள் வரும். பல மொழிக்கும் பழக்கியது, சொல்லாக இல்லாமல் பொருளாகத் தேடும், அதனால் மரம், மரத்தில் பிரச்சினையும் குறையும். ஏற்காட்டில் உட்கார்ந்து இறக்காதீர்கள், சேலத்துக்கு வரும்போது செய்யுங்கள். அப்சிடியன் பிளகின்களில் தானாக வருகிற குட்டி மாடலை நம்ப வேண்டாம், பெரும்பாலும் ஆங்கிலத்துக்கென்றே பழக்கியதாக இருக்கும். தேட மட்டும் இது போதும். பதில் எழுதவும் லோக்கல் மாடல் என்றால், சாதாரண மடிக்கணினியில் ஓடுகிற சைஸில் தமிழ் சுமார்தான், பிளாக் பெயரையே மாற்றிச் சொல்லும். எதுவாக இருந்தாலும் எந்தக் குறிப்பிலிருந்து எடுத்தது என்று கோப்புப் பெயரோடு கேளுங்கள், திறந்து பார்த்துவிட்டு அப்புறம் செடியைப் பிடுங்குங்கள்.

செவ்வாய்ப்பேட்டை_பட்டறை

கூலி ஃபோல்டரை வால்ட்டை விட்டு இன்றைக்கே வெளியே எடுத்து வையுங்கள். இணையத்தில் இருந்து கிளிப் செய்து போட்ட பக்கங்கள் இருந்தால் அதையும் தனியாக வையுங்கள், அந்தப் பக்கத்துக்குள் "இதைச் செய், அதை அனுப்பு" என்று யாராவது ஒளித்து எழுதியிருந்தால் ஏஐ அதை நீங்கள் சொன்னதாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. பாமினி மாற்றுவதற்கு இணையத்திலேயே மாற்றிகள் கிடைக்கும், ஒரு பக்கத்தை மட்டும் மாற்றி எண்களெல்லாம் சரியாக வருகிறதா என்று முதலில் பாருங்கள்.