நியூசி என்றால் பாராட்டா, குத்தலா?

கரிசல்காட்டான்:
சில வருடம் முன்பு ஒஹையோவில் வேலை பார்த்தபோது குடியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மா, எழுபதைத் தாண்டியவர், இன்னும் மின்னஞ்சலில் பேசிக்கொள்கிறோம். போன வாரம் நீளமாக எழுதினேன்: மகளுக்கு முன்பல் விழுந்தது, மாடிக்குத் தண்ணீர் ஏறாமல் மோட்டாரைக் கழற்றி மாட்டியது, மச்சான் கல்யாணத்தில் மழை வந்து பந்தல் சரிந்தது, எல்லாம். பதிலில் முதல் வரியே "தேங்க்யூ ஃபார் யுவர் லவ்லி நியூசி ஈமெயில்". வளவள என்று எழுதிவிட்டேன் என்பதை நாசூக்காகச் சொல்கிறாரா? என் மனைவி அப்படித்தான் என்கிறாள். அப்புறம், இதே சொல்லை ஆபீஸ் ரிப்போர்ட்டைப் பாராட்டவும் போடலாமா?

திண்ணைவாசி:
பாராட்டுதான், வீட்டில் தைரியமாகச் சொல்லுங்கள். சால்ட் சால்ட்டி ஆகிற மாதிரி நியூஸ் நியூசி ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். செய்தி என்று மொழிபெயர்த்தால் ஏழரை மணி வாசிப்பு ஞாபகம் வரும். சேதி என்று சொல்லிப் பாருங்கள், கச்சிதமாக உட்காரும். யாருக்குப் பிள்ளை பிறந்தது, யார் வீடு மாறினார், எதிர்வீட்டு வேப்பமரத்தை ஏன் வெட்டினார்கள் என்று சொந்தச் சேதி, சில்லறைச் சேதி நிறைந்த கடிதம் நியூசி லெட்டர். நான் ஹாஸ்டலில் இருந்தபோது அம்மா இன்லாண்ட் லெட்டர் எழுதுவார், இடம் தீர்ந்ததும் மடிக்கிற ஓரத்தில் "செவலை கன்று போட்டிருக்கிறது, கிடேரி" என்று நுணுக்கி எழுதியிருப்பார், அவசரமாகப் பிரித்தால் கிடேரியில் பாதி கிழிந்து பசையோடு போய்விடும். அதைவிட நியூசியான லெட்டர் நான் பார்த்ததில்லை. வளவளவுக்கு அவர்களிடம் ராம்ப்ளிங் என்று தனிச் சொல் இருக்கிறது, அதைச் சொன்னால் கவலைப்படுங்கள். காசிப்பி என்றால் புறணி வாடை அடிக்கும்.

பழைய சப்எடிட்டர்:
மேலே சொன்னது கடிதத்துக்குச் சரி. நாங்கள் பத்திரிகை டெஸ்க்கில் வேறு மாதிரி புழங்குவோம். ஒரு நிருபர் கூட்டத்துச் செய்தியை வரவேற்புரை, விளக்கேற்றல் என்று ஆரம்பித்து, அமைச்சர் பஸ் கட்டணம் உயரும் என்று சொன்னதை எட்டாவது பத்தியில் போட்டிருப்பார். "இன்ட்ரோ (முதல் பத்தி) நியூசியா இல்லையே, அதை மேலே தூக்கு" என்பார் சீஃப். இங்கே சில்லறை என்ற அர்த்தமே கிடையாது, புதுத் தகவல் முன்னால் நிற்கிறதா என்பதுதான் கேள்வி. ஆனால் ஒரு சம்பவம் அச்சில் ஏறத் தகுதியானதா என்று கேட்டால் அது நியூஸ்வொர்த்தி. இரண்டையும் குழப்பிக்கொண்டு கடிதத்தை நியூஸ்வொர்த்தி என்றால் சிரிப்பார்கள். ஆபீஸ் ரிப்போர்ட்டுக்கு வேண்டாம். பேச்சுவழக்குச் சொல் அது, மேலாளர் கதை அளந்திருக்கிறாய் என்று எடுத்துக்கொள்வார்.

நூலகத்து எலி:
கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னிக்கவும். நியூசி என்று பெயர்ச்சொல்லும் உண்டு, கடைசி எழுத்துகள்தான் மாறும். அமெரிக்கத் தெருக்களில் பேப்பர் விற்ற பையன்களை அப்படி அழைத்தார்கள். அந்தப் பையன்கள் பேப்பரை முன்காசு கொடுத்து வாங்கி விற்றவர்கள், மிஞ்சினால் நஷ்டம் அவர்கள் தலையில். 1898இல் ஸ்பெயினோடு போர் நடந்தபோது பேப்பர் பறந்தது, நூறு பிரதியின் விலையை 50 சென்ட்டிலிருந்து 60 ஆக்கினார்கள், யாரும் முணுமுணுக்கவில்லை. போர் முடிந்து விற்பனை படுத்த பிறகும் புலிட்சரின் வேர்ல்ட், ஹர்ஸ்ட்டின் ஜர்னல் என்ற இரண்டு பத்திரிகைகளும் விலையை இறக்கவில்லை. 1899 ஜூலையில் நியூயார்க் பையன்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சுமார் இரண்டு வாரத்தில் சமரசம்: விலை அப்படியே இருந்தது, ஆனால் விற்காத பிரதிகளைத் திருப்பி எடுத்துக்கொள்ள முதலாளிகள் ஒப்புக்கொண்டார்கள். அது கிடக்கட்டும், உச்சரிக்கும்போது நடுவில் வருவது எஸ்ஸின் பாம்புச் சீறல் இல்லை, இசட்டின் வண்டு ரீங்காரம். அமெரிக்கர்கள் 'நூ' என்றே தொடங்குவார்கள்.

மழைக்கோட்டு:
திண்ணைவாசி சொல்வதோடு முழுக்க ஒத்துப்போக மாட்டேன். சொல்லில் மட்டும் பாராட்டு இல்லை, பக்கத்தில் நிற்கும் லவ்லிதான் வேலை செய்கிறது. கிறிஸ்துமஸ் கார்டோடு குடும்பத்தின் ஒரு வருடக் கதையை நகலெடுத்து எல்லோருக்கும் அனுப்புவார்கள் பாருங்கள், அதை வெறுமனே "வெரி நியூசி" என்று ஒருவர் சொன்னால் குரலைக் கவனிக்க வேண்டும்.

கரிசல்காட்டான்:
எல்லோருக்கும் நன்றி. லவ்லி இருக்கிறது, தப்பித்தேன். மனைவியிடம் படித்துக் காட்டினேன். "சரி, ஆனாலும் மோட்டாருக்கு மூன்று பத்தியா?" என்கிறாள்.