ஸ்டார் ட்ரெக் 'அரீனா': அந்தப் பல்லி பக்கம்தான் நியாயமோ?

மலையோரம், கிருஷ்ணகிரி:
தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டார் ட்ரெக் என்கிற அமெரிக்க விண்வெளித் தொடர் போட்ட காலம் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? எங்கள் தெருவுக்கே ஒரு டிவிதான். வசனம் ஒன்றும் புரியாது, ஆனாலும் பச்சைப் பல்லி மனுஷன் ஒன்று பாறையைத் தூக்கி எறிகிற அந்த 'அரீனா' எபிசோட் மட்டும் மனசில் அப்படியே நின்றுவிட்டது, ஏனென்றால் அந்த இடம் சையத் பாஷா மலையடியில் நாங்கள் திருடன் போலீஸ் விளையாடுகிற பாறைக்காடு மாதிரியே இருக்கும். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் யார் பல்லி என்பதில் அடிதடி.

போன வாரம் சப்டைட்டிலோடு மறுபடி பார்த்தேன். முதல் சீசன், 1967 ஜனவரி 19 அன்று அமெரிக்காவில் வந்தது. பல்லி உடை ரப்பர் என்று பட்டவர்த்தனமாகத் தெரிகிறது, விண்கப்பல் கேப்டன் கிர்க்கோடு போடுகிற சண்டையில் அந்த கோர்ன் (பல்லி இனத்துக்கு அதுதான் பெயர்) கல்யாணச் சாப்பாடு முடித்து எழுந்திருக்கிற பெரியப்பா மாதிரி அசைகிறது, சிரித்துவிட்டேன். அப்புறம் ஓர் இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. செஸ்டஸ் 3 என்கிற கிரகத்தில் மனிதர்கள் போட்ட முகாமை அழித்த கொலைகாரன் என்றுதானே அதுவரை அதைப் பார்க்கிறோம், அது கிர்க்கிடம் சொல்கிறது: எங்கள் எல்லைக்குள் வந்து முகாம் போட்டது நீங்கள். சின்ன வயதில் இது எனக்குத் தெரியவே தெரியாது.

கேள்வி இதுதான். கடைசியில் கிர்க் அதைக் கொல்லாமல் விட்டது தப்பு தன் பக்கமும் இருக்கலாம் என்று உறைத்ததாலா, இல்லை ஜெயித்தவன் காட்டுகிற பெருந்தன்மையா?

கல்லுக்காரன், பர்கூர்:
முதலில் பாறைக் கதையை முடித்துவிடுகிறேன். அது லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வடக்கே இருக்கிற வாஸ்குவெஸ் ராக்ஸ். மணற்பாறை, சாய்ந்துகொண்டு நிற்கும். நம்முடையது கிரானைட், உருண்டு திரண்டு கிடக்கும், இரண்டும் ஒன்றில்லை அண்ணா.

அந்த வெடிமருந்துக் காட்சிதான் எனக்கு ஆகவே ஆகாது. எங்கள் அப்பா கிணறு வெட்டுகிற செட்டில் இருந்தவர், பாறையில் தமர் (துளை) அடித்து மருந்து கெட்டிக்கிற நேரத்தில் எங்களைக் கிட்டேயே விடமாட்டார், அவரே வாய் பேசமாட்டார். கிர்க் என்னடா என்றால் கந்தகம், கரி, வெடியுப்பு மூன்றையும் குத்துமதிப்பாக மூங்கிலில் கொட்டி, மேலே வைரத்தைக் குண்டாகப் போட்டுச் சுடுகிறார்! மித்பஸ்டர்ஸ் என்கிற டிவி நிகழ்ச்சி ஆட்கள் இதைச் செய்தே பார்த்தார்கள், மூங்கில்தான் வெடித்துச் சிதறியது. நிஜத்தில் கிர்க் காலி. ஆனால் அவ்வளவு வைரத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, இதெல்லாம் வேண்டாம், ஒரு ஃபேஸர் துப்பாக்கியோ நல்ல தடியோ கிடைத்தால் போதும் என்கிறாரே, அந்த இடம் அருமை.

உங்கள் கேள்விக்கு என் ஓட்டு பெருந்தன்மைக்கு. ஜெயித்த பிறகு யார் வேண்டுமானாலும் நல்லவனாக இருக்கலாம்.

ராகிக்காடு, தளி:
நான் ஸ்டார் ட்ரெக் இரண்டு மூன்று எபிசோட்தான் பார்த்திருக்கிறேன், அதில் இது ஒன்று. எங்கள் பக்கம் ராகி முற்றுகிற ஐப்பசி, கார்த்திகையில் பன்னார்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டம் ஜவளகிரி வழியாக இறங்கும். போன வருஷம் ஒரு ராத்திரி பரண் மேல் இருந்தேன். முதலில் சத்தமே இல்லை, அப்புறம் கதிரைப் பிடுங்கிக் காலில் தட்டி மண்ணை உதறுகிற சத்தம், பட் பட் என்று, பத்தடி தூரத்தில். டார்ச் அடிக்கக் கை வரவில்லை. முக்கால் ஏக்கர் விடிவதற்குள் போய்விட்டது. டீக்கடையில் எல்லோரும் என்னோடு சேர்ந்து யானையைத் திட்டினார்கள். வீட்டுக்கு வந்தால் எங்கள் ஆயா மட்டும், உங்க தாத்தன் இந்தக் காட்டைத் திருத்துனப்போ அதுங்களைக் கேட்டா திருத்துனான் என்றது. எனக்குக் கோபம்தான் வந்தது, இன்னும் இருக்கிறது, நட்டம் எனக்குத்தானே. ஆனால் கோர்ன் பேசினபோது ஆயா குரல்தான் கேட்டது.

பழைய ரீல், தருமபுரி:
கல்லுக்காரன் தம்பி, உங்கள் ஓட்டு செல்லாது. வெட்டப் போகிற கல்லுக் கத்தியை நிறுத்திவிட்டு கிர்க் என்ன சொல்கிறார் என்று இன்னொரு தடவை கேளுங்கள். முகாமைத் தாக்கியபோது உன்னைக் காப்பாற்றிக்கொள்வதாக நீ நினைத்திருக்கலாம், என்கிறார். பெருந்தன்மைக்காரன் இப்படிக் காரணம் சொல்லமாட்டான். அதே ஆள்தான் எபிசோட் தொடக்கத்தில் கோர்ன் கப்பலை விரட்டிப் போய் அழித்தே தீருவேன் என்று நிற்கிறார், துணை அதிகாரி ஸ்பாக் தடுத்துப் பேசினாலும் காதில் ஏறவில்லை. கப்பலிலிருந்து திரையில் பார்த்துக்கொண்டிருக்கிற டாக்டர் மெக்காய்க்கே தப்பு நம் பக்கமோ என்று சந்தேகம் வந்துவிடுகிறது.

இன்னொன்று. இதற்கு மூலம் ஃபிரெட்ரிக் பிரவுன் 1944ல் எழுதிய அதே தலைப்புச் சிறுகதை. அதில் மனுஷன் எதிரியைக் கொன்றுவிடுவான், கதை முடிந்தது. டிவிக்கு எழுதிய ஜீன் கூன் அந்த முடிவைத்தான் மாற்றினார். எல்லைத் தகராறு என்று வந்தால் இரண்டு பேரிடமும் ஒரு பத்திரம் இருக்கும் என்பது நம் தாலுகா ஆபீஸில் ஒரு நாள் உட்கார்ந்தாலே தெரியும், அதை அந்த மனுஷர் 1967லேயே ரப்பர் பல்லியை வைத்துச் சொல்லியிருக்கிறார்.

மலையோரம், கிருஷ்ணகிரி:
அந்த வசனத்தை நான் கவனிக்கவே இல்லை சார், கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று ராத்திரி என் பையனோடு திரும்பப் போட்டேன். ஏழு வயது. முடிந்ததும் அந்தப் பல்லி வீட்டுக்குப் போயிருக்குமா என்று கேட்டான். காலையில் எழுந்ததும் அவனுக்குப் பல்லி வேஷம் வேண்டுமாம். எங்கள் காலத்தில் அதற்கு ஆளே கிடைக்காது, கடைசியாக வருகிறவனைப் பிடித்துப் பல்லியாக்குவோம்.

கல்லுக்காரன், பர்கூர்:
சரி, ஓட்டை வாபஸ் வாங்குகிறேன். மூங்கில் மட்டும் வெடிக்கும், அதில் மாற்றமில்லை. பையனுக்கு ரப்பர் எல்லாம் வேண்டாம் அண்ணா, ஒரு சாக்குப் பையில் பச்சை பெயின்ட் போதும்.