மறு: எஞ்சின் எண்ணெயில் டீசலும் கரியும் கலப்பதற்குச் சொல்

வணக்கம்.

> 'எண்ணெய் மாசுறுதல்' என்று ஒரே சொல்லாக வைத்துக்கொண்டால் என்ன?

வேண்டாம் ஐயா. டீசல் எஞ்சினில் கலக்கிற டீசல், கரி இரண்டும் எண்ணெயை எதிரெதிர்ப் பக்கம் இழுக்கின்றன. எரியாத டீசல் பிஸ்டன் வளையத்தைத் தாண்டிக் கீழே இறங்கினால் எண்ணெய் இளகிவிடும், பேரிங்கில் படலம் மெலிந்து உலோகத்தோடு உலோகம் உரசும். புகைக்கரி மிகுந்தால் எண்ணெய் கெட்டியாகும். இரண்டும் சேர்ந்து வந்தால் ஒன்றை மற்றது ஈடுகட்டி, பாகுநிலையை (எண்ணெய் எவ்வளவு கெட்டி, எவ்வளவு இளக்கம் என்பதை) அளக்கும்போது புது எண்ணெய் மாதிரியே காட்டிவிடும், தேய்மானம் பாட்டுக்கு நடக்கும். எனவே சொல்லிலேயே எந்தப் பக்கம் என்று தெரியவேண்டும்.

'எண்ணெய் நீர்த்தல்' என்ற முன்மொழிவும் சரிவராது. நீர்த்த அமிலத்தில் நிஜமாகவே நீர் இருக்கிறது, இங்கே இல்லை. ரேடியேட்டர் தண்ணீர் கசிந்து எண்ணெய் பால்போல வெளுப்பது வேறு கோளாறு, படிப்பவர் அதைத்தான் நினைப்பார். (பட்டறையில் 'ஆயில் தண்ணியா போச்சு' என்பார்கள்தான், ஆனால் அவர்கள் கையில் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள்.) நான் சொல்வது 'எரிபொருள் இளக்கம்'. இப்போது இதற்குத் தேவையும் அதிகம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற வாகனப் புகை விதி வந்தபின் டீசல் கார்களில் புகைக்கரி வடிகட்டி வந்துவிட்டது, அதில் சேர்ந்த கரியை எரிக்கப் பல வண்டிகளில் சிலிண்டருக்குள்ளேயே தாமதமாகக் கொஞ்சம் டீசலைப் பீய்ச்சுகிறார்கள், அதில் ஒரு பங்கு சுவரோடு வழிந்து எண்ணெய்க்குள் போகிறது. ஊருக்குள்ளேயே சின்னச் சின்னத் தூரம் ஓடுகிற வண்டியில் இந்த எரிப்பு பாதியில் நின்று நின்று திரும்பத் தொடங்கும். பெட்ரோல் என்றால் சூட்டில் பெரும்பாலும் ஆவியாகும், டீசல் அவ்வளவு எளிதில் போகாது. அளவுக்கம்பியை உருவிப் பார்த்தால் மட்டம் ஏறியிருக்கும், ஓட்டுநரோ எண்ணெய் குறையவில்லை என்று சந்தோஷப்படுவார்!

கரிக்கு ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும். கெட்டியாவதற்குக் 'கரிக் கெட்டிப்பு'. இன்னொன்று 'கரித் தேய்வு': கரித்துகள் ஒவ்வொன்றும் சில பத்து நானோமீட்டர்தான், திரண்டாலும் சில நூறுதான், எண்ணெய் வடிகட்டியில் சிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும், வால்வுகளைத் தள்ளும் கேம் மேல், எண்ணெயில் சேர்த்துள்ள துத்தநாகச் சேர்மம் உண்டாக்கும் காப்புப் படலத்தைச் சுரண்டிவிடும். எண்ணெய் கெட்டியாகும் முன்பே இது நடக்கலாம்.

கரிக்கு 'ஒட்டடை' என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல், ஆனால் அதில் சிலந்தி வலையும் சேர்ந்தே வருகிறதே.

'கெட்டிப்பு' காதுக்குக் கரடாக இருந்தால் மாற்று சொல்லுங்கள். 'அடர்வு' மட்டும் வேண்டாம், அது பாகுநிலை இல்லை.