உதவி தேவை: பிராட்ஹெட் (கூர் அலகுகள் கொண்ட வேட்டை முனை) பொருத்தினால் அம்பு வலப்பக்கம் விலகுகிறது, மான் வேட்டைக்கு எந்த அம்புத் தண்டு சரி?

ஏரிக்கரையான்

அனைவருக்கும் வணக்கம். நான் மிச்சிகன் மாநிலத்தின் தென்பகுதியில் வசிக்கிறேன். வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்துவிட்டு, அக்டோபர் 1 அன்று தொடங்கும் வில் பருவத்தில் முதன்முறையாக வெள்ளைவால் மான் வேட்டைக்குச் செல்ல ஆயத்தமாகி வருகிறேன். வலக்கைப் பழக்கமுள்ளவன். என்னுடையது காம்பவுண்ட் வில் (கப்பிகளும் கேபிள்களும் கொண்டது). இழுவை எடை 60 பவுண்டு, இழுவை நீளம் 28 அங்குலம், நாணை விடுவிக்க ரிலீஸ் கருவியைப் பயன்படுத்துகிறேன்.

வில் வாங்கிய கடையில் தள்ளுபடி விலையில் கிடைத்த 500 ஸ்பைன் (விறைப்பைக் குறிக்கும் எண்) கார்பன் தண்டுகளை, வெட்டாமல் 30 அங்குல முழு நீளத்திலேயே வைத்திருக்கிறேன். 100 கிரெயின் (அம்பின் எடையை அளக்கும் சிறு அலகு) பயிற்சி முனையுடன் 20 கஜத்தில் அம்புகள் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் விழுகின்றன. ஆனால் 125 கிரெயின் எடையுள்ள, அசையாத அலகுகள் கொண்ட பிராட்ஹெட்டைப் பொருத்தி 30 கஜத்தில் எய்தால், ஒவ்வோர் அம்பும் ஐந்தாறு அங்குலம் வலப்பக்கம் போய் விழுகிறது. காகிதத்தின் ஊடாக எய்து கிழிசலைப் பார்க்கும் காகிதச் சோதனையில் அம்பின் வால் இடப்பக்கமாக ஒன்றரை அங்குலம் கிழிக்கிறது. அம்பைத் தாங்கும் ரெஸ்டை இரு பக்கமும் நகர்த்திப் பார்த்தேன். கிழிசல் குறைகிறதே தவிர மறையவில்லை. இப்போது ரெஸ்ட், நாணின் நேர்க்கோட்டிலிருந்து கண்ணுக்கே தெரியும் அளவுக்கு விலகி நிற்கிறது.

ஐந்து அங்குலப் பிழை என்பது, நுரையீரலில் பாய வேண்டிய அம்பு வயிற்றில் பாய்வதற்குப் போதுமானது. ஓர் உயிரைக் காயப்படுத்திக் காட்டுக்குள் ஓடவிடும் நிலை எனக்கு வரக் கூடாது. அம்பு மிகவும் இலேசாக இருப்பதுதான் காரணமா? எடை கூடிய தண்டு வாங்க வேண்டுமா, அல்லது நேர்த்தி அளவு (தண்டு எவ்வளவு நேராக இருக்கிறது என்பது) .001 அங்குலம் என்று விற்கப்படும் விலை உயர்ந்த தண்டை வாங்க வேண்டுமா?

பழையவில்

தம்பி, பணம் செலவழிக்கும் முன் மூன்று விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். முதலாவது, இழுவை எடையை வில் தராசில் அளந்து பாருங்கள். 60 என்று அச்சிட்ட வில் அதற்குச் சற்று மேலே நிற்பது வழக்கம். இரண்டாவது, அம்பின் இறகுகளில் பாதத்துக்குப் போடும் பவுடரைத் தூவி ஒரு முறை எய்யுங்கள். ரெஸ்டிலோ கேபிளிலோ இறகு உரசினால் பவுடர் அழிந்த தடம் தெரியும். மூன்றாவது, பிடியை இறுக்கிப் பிடிக்காமல் கட்டைவிரலின் அடிச்சதையில் மட்டும் வில்லைத் தாங்கி எய்து பாருங்கள். கை முறுக்கினாலும் இதே கிழிசல் வரும்.

ஏரிக்கரையான்

ஐயா, மூன்றையும் செய்தேன். தராசு 64 பவுண்டு காட்டுகிறது! இறகுகளில் பவுடர் அப்படியே இருக்கிறது. பிடியைத் தளர்த்தியும் கிழிசல் மாறவில்லை.

கரிநார்

அப்படியானால் சிக்கல் அம்பின் எடையில் இல்லை, விறைப்பில் இருக்கிறது. சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஸ்பைன் எண் என்பது தண்டு எவ்வளவு வளைகிறது என்பதன் அளவு. 28 அங்குல இடைவெளியில் இரு முனைகளையும் தாங்கி, நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிட்டால், 500 தண்டு அரை அங்குலமும் 400 தண்டு 0.4 அங்குலமும் தொய்யும். ஆகவே எண் குறையக் குறைய விறைப்பு கூடுகிறது. புதியவர்கள் பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

ஆனால் இது அசையாமல் கிடக்கும் தண்டின் கணக்கு. நாண் பின்னாலிருந்து தள்ளும்போது, முன்னாலுள்ள முனை தன் எடையால் உடனே நகர மறுக்க, இடையில் அகப்பட்ட தண்டு வில்லாய் வளைகிறது. தண்டு நீளமானால் அதிகம் வளையும். முனை கனத்தால் அதிகம் வளையும். நாணின் தள்ளுதல் கூடினாலும் அதிகம் வளையும். உங்கள் அம்பில் இந்த மூன்றும் ஒரே திசையில் சேர்ந்திருக்கின்றன. வெட்டாத 30 அங்குல நீளம், பயிற்சி முனையைவிட 25 கிரெயின் கூடுதலான பிராட்ஹெட், நீங்கள் எண்ணியதைவிட 4 பவுண்டு கூடுதலான இழுவை. வெறும் 60 பவுண்டு, 28 அங்குலத் தண்டு, 100 கிரெயின் முனை என்ற அளவுக்கே தண்டுத் தேர்வு அட்டவணைகள் 400 ஸ்பைனைச் சொல்கின்றன. உங்கள் 500 தண்டு தொடக்கத்திலிருந்தே தகுதியற்றது. இதை விற்றவர் ஒரு முறை அட்டவணையைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும்.

பயிற்சி முனையில் இந்தக் குறை ஏன் வெளிப்படவில்லை என்று கேட்பீர்கள். தண்டு கோணலாகப் புறப்பட்டாலும், பின்னாலுள்ள இறகுகள் சில கஜத்துக்குள் அதை நேராக்கிவிடுகின்றன. பிராட்ஹெட்டின் அலகுகளோ முன்னால் பொருத்திய இறகுகள் போன்றவை. அம்பு எந்தப் பக்கம் முகம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கமே அதை இழுத்துச் செல்லும். வால் இடப்பக்கம் கிழிக்கிறது என்றால் முகம் வலப்பக்கம் திரும்பியிருக்கிறது; அம்பும் வலப்பக்கமே விழுகிறது. வலக்கை வில்லாளிக்கு இவ்விரண்டும் சேர்ந்து வந்து, உரசலும் கை முறுக்கலும் இல்லையென்றால், தண்டு மெலிவு என்றே கொள்ளலாம்.

எனவே 400 ஸ்பைன் தண்டை வாங்கி, 28.5 அங்குலத்துக்கு வெட்டி, வில்லை மெய்யான 60 பவுண்டுக்கு இறக்கி, ரெஸ்டை மீண்டும் நடுவுக்குக் கொண்டுவந்து சோதியுங்கள். வருங்காலத்தில் 70 பவுண்டுக்கு ஏறும் எண்ணம் இருந்தால் மட்டும் 340 பற்றி யோசியுங்கள். நேர்த்தி அளவைப் பொறுத்தவரை, .003 அங்குலம் 30 கஜ வேட்டைக்கு முற்றிலும் போதும்; .001 தண்டுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் இன்னும் ஆறு தண்டுகள் வாங்கிப் பயிற்சி செய்வதே மேல்.

வெட்டும்போது ஒரு எச்சரிக்கை. இரும்பறுக்கும் வாளாலோ குழாய் வெட்டும் கருவியாலோ கார்பனை வெட்டாதீர்கள், நார் பிளந்துவிடும். வேகமாகச் சுழலும் உராய்வு வட்டு கொண்ட அம்பு அறுவைக் கருவியில், முகமூடி அணிந்து, தூசியை உறிஞ்சியபடி வெட்ட வேண்டும். வெட்டிய பின் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியைத் தண்டின் வாய்க்குள் சுழற்றுங்கள். முதல் குச்சி அடுப்புக்கரியில் தோய்த்தது போல வெளிவரும். நான்காவதோ ஐந்தாவதோ வெள்ளையாக வரும் வரை விடாதீர்கள். அந்தக் கரித்தூள் மிச்சமிருந்தால் இன்செர்ட்டின் (முனையைத் திருகிப் பொருத்த, தண்டின் வாய்க்குள் ஒட்டும் சிறு குழல்) பசை பிடிக்காது.

கனஅம்பு

400 பற்றிச் சொன்னது சரி. ஆனால் நான் இன்னும் கனத்தை விரும்புவேன். 200 கிரெயின் முன்னெடை, மொத்தம் 500 கிரெயினுக்கு மேல் என்று வைத்தால், தோள் எலும்பில் பட்டாலும் அம்பு நிற்காது.

கரிநார்

நண்பரே, உங்கள் கருத்தில் உண்மை உண்டு. ஆனால் 200 கிரெயின் முனையை 400 தண்டில் பொருத்தினால், அவர் இன்று நிற்கும் இடத்துக்கே திரும்பி வருவார். அதற்கு 340 அல்லது அதைவிட விறைப்பான தண்டு வேண்டும். கனத்த அம்பு மெதுவாகவும் போகும், வழியில் அதிகம் கீழிறங்கும். தூரத்தை இரண்டு மூன்று கஜம் தவறாகக் கணிக்கக்கூடிய புதியவருக்கு அந்தச் சரிவு பெரிது. வெள்ளைவால் மானின் விலாவுக்கு 400 முதல் 450 கிரெயின் அம்பும் கூர்மையான அலகும் போதும்; தோள் எலும்பைக் குறியாகக் கொள்ளவே கூடாது.

பழையவில்

தம்பி, கனம்தான் வேண்டுமென்றால் அலுமினியத்தையும் மறந்துவிடாதீர்கள். 2117 என்று அச்சிட்ட குழாய், விட்டம் 64-இல் 21 பங்கு அங்குலம், சுவர்த் தடிப்பு ஆயிரத்தில் 17 பங்கு அங்குலம். விறைப்பு உங்களுக்கு வேண்டிய 400-தான், எடையோ அங்குலத்துக்கு ஏறத்தாழ 12 கிரெயின். நான் பல ஆண்டுகள் அதைத்தான் எய்தேன். அது வளையும் என்பதே குறை. கார்பன் வளைந்து நிற்காது. நேராக இருக்கும் அல்லது உடைந்துவிடும். அதனால் கார்பன் அம்பை ஒவ்வொரு முறை எய்யும் முன்னும் இரு கைகளால் மெல்ல வளைத்து, காதருகே வைத்துக் கேளுங்கள். சிறிதளவு நறநறப்பு கேட்டாலும் அந்த அம்பை உடைத்துப் போட்டுவிடுங்கள். விரிசல் விட்ட தண்டு நாணில் சிதறினால், துண்டு வில் பிடித்த கையைத் துளைத்துச் செல்லும்.

உங்கள் மாநிலத்தில் மானுக்கான பிராட்ஹெட் குறைந்தது எட்டில் ஏழு பங்கு அங்குல அகலம் இருக்க வேண்டும் என்பது விதி, வாங்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏரிக்கரையான்

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். 400 ஸ்பைன், .003 நேர்த்தி, ஆறு தண்டுகள். 28.5 அங்குலத்துக்கு வெட்டி, 125 கிரெயின் முனையுடன் நிறுத்துப் பார்த்தபோது 411 கிரெயின். 60 பவுண்டுக்கு இறக்கிய வில்லில் வேகம் நொடிக்கு 262 அடி. எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 450240-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 62.7 அடி-பவுண்டு ஆற்றல் வருகிறது. சமநிலைப் புள்ளி நாக்கின் (nock, அம்பின் வாலில் நாண் பொருந்தும் துண்டு) பள்ளத்திலிருந்து 17.6 அங்குலத்தில் இருக்கிறது. அதாவது நடுவிலிருந்து 11.75 விழுக்காடு முன்னால்.

வியப்பு என்னவென்றால், பழைய அம்பும் பிராட்ஹெட்டுடன் 391 கிரெயின் இருந்தது. எடையில் வெறும் 20 கிரெயின்தான் வேறுபாடு. ஆனால் காகிதத்தில் இப்போது ஒரு வட்டத் துளையும், அதைச் சுற்றி மூன்று இறகுகளின் கீறலும் மட்டுமே. 30 கஜத்தில் ஐந்து பிராட்ஹெட்டுகள் பயிற்சி முனைகளின் கூட்டத்திலேயே விழுகின்றன. கரிநார் அண்ணாவுக்கும் பழையவில் ஐயாவுக்கும் மனமார்ந்த நன்றி.

ஒரே ஓர் அம்பு மட்டும் எப்போதும் மூன்று அங்குலம் விலகுகிறது. நாக்கைத் திருப்பிப் பொருத்தியும் பயனில்லை.

கரிநார்

பிராட்ஹெட்டின் நுனியை ஒரு மரப்பலகையில் ஊன்றி, தண்டைச் செங்குத்தாக நிறுத்திப் பம்பரம் போலச் சுழற்றுங்கள். தண்டும் முனையும் சேரும் இடத்தை மட்டும் பாருங்கள். அது நடுங்கினால் முனையைக் கழற்றி வேறோர் அம்பில் பொருத்திச் சுழற்றுங்கள். அங்கே நடுங்கவில்லை என்றால், தண்டின் வாய் சதுரமாக வெட்டுப்படவில்லை, இன்செர்ட் சாய்ந்து ஒட்டியிருக்கிறது என்று பொருள்.

ஏரிக்கரையான்

சரியாகச் சொன்னீர்கள், அண்ணா. சுழற்றியபோது இணைப்பில் நடுக்கம் நன்றாகவே தெரிந்தது. அதே முனை மற்றோர் அம்பில் அசைவின்றிச் சுழன்றது. உற்றுப் பார்த்தால் இன்செர்ட்டின் விளிம்புக்கும் தண்டுக்கும் இடையே ஒரு பக்கம் மட்டும் மயிரிழை இடைவெளி இருக்கிறது. அந்த அம்பின் இறகுக்கருகே சிவப்பு நாடா சுற்றி, பயிற்சிக்கென்று தனியே வைத்துவிட்டேன். மற்ற ஐந்தும் அம்புக்கூட்டில் இருக்கின்றன.