உறக்கநிலை பட்டுப்புழு முட்டையில் எக்டைசோன் ஏன் காட்டவில்லை?

முட்டைத்தாள்:
பைவோல்ட்டைன் (ஆண்டுக்கு இரண்டு தலைமுறை) இனம், இரண்டு தொகுதி முட்டை. ஒன்று, தாயின் முட்டைப் பருவத்தை 25 டிகிரியில் வெளிச்சத்தில் வைத்து எடுத்தது (உறக்கநிலைக்குப் போகும், அதாவது கரு வளர்ச்சி இடையில் நின்றுவிடும்). மற்றது 15 டிகிரியில் இருட்டில் வைத்து எடுத்தது (போகாது). இட்டு 3 நாளில் முதல் தொகுதி கரும்பழுப்பாகிவிட்டது. எலைசாவில் (எதிர்ப்பொருள் கொண்டு அளக்கும் சோதனை) இரண்டாவதில் எக்டைசோன் (பூச்சிகளைத் தோலுரிக்கத் தூண்டும் ஹார்மோன்) நன்றாகக் காட்டுகிறது, முதலாவதில் கிட்டத்தட்ட பூஜ்யம். தாய் அந்த முட்டையில் ஹார்மோனே வைக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? ஐஸில் பஃபர் விட்டு அரைத்து, அரை மணி கழித்து மெத்தனால் சேர்த்திருக்கிறது.

கருவியல்:
எடுக்கக்கூடாது. ஹார்மோன் இருக்கிறது, பூட்டுப் போட்டு இருக்கிறது. சினைப்பையிலேயே ஒரு கைனேஸ் நொதி எக்டைசோனின் 22-ஆம் கார்பனில் பாஸ்பேட்டைச் சேர்த்துவிடுகிறது. அந்த வடிவம் ஏற்பியைத் தூண்டாது, மஞ்சள்கருப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்கும். உறக்கநிலைக்குப் போகாத முட்டையில் கேஸ்ட்ருலா நிலையை (கருவில் செல் அடுக்குகள் உருவாகும் கட்டம்) ஒட்டி மஞ்சள்கரு செல்களில் ஒரு பாஸ்பட்டேஸ் உருவாகிப் பூட்டைத் திறக்கிறது. உறங்கும் முட்டையில் அந்த நொதி உருவாவதில்லை. சாவி இல்லை, அவ்வளவுதான்.

உங்கள் அரை மணிதான் எனக்கு உறுத்துகிறது. நொதி உள்ள தொகுதியை பஃபரில் அரைத்து வைத்தால் அது அந்த நேரத்திலும் வேலை செய்யும். முட்டையில் இருந்ததைவிட அதிகமான எக்டைசோனைத்தான் அளந்திருப்பீர்கள். ஐஸ் அதை மெதுவாக்கும், நிறுத்தாது.

100 மில்லிகிராம் முட்டையை (ஏறக்குறைய 180) நேராக 1 மில்லி மெத்தனாலில் அரையுங்கள். மையவிலக்கியில் 10,000 ஜி விசையில் 10 நிமிடம் சுற்றி, படிவை இன்னும் இரண்டு முறை மெத்தனாலில் எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து நைட்ரஜனில் உலர்த்துங்கள். தண்ணீரில் கரைத்து சி-18 கார்ட்ரிட்ஜில் (பொருள்களைப் பிரித்தெடுக்கும் சிறு வடிகுழல்) ஏற்றுங்கள் (அதை முதலில் மெத்தனால், பிறகு தண்ணீர் விட்டு நனைத்திருக்க வேண்டும்). தண்ணீரில் கழுவியபின் 25 சதவீத மெத்தனாலில் பாஸ்பேட் வகைகள் இறங்கும், 60 சதவீதத்தில் பூட்டில்லாத ஹார்மோன் இறங்கும்.

25 சதவீதப் பகுதியை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதிக்கு நத்தைச் செரிமான நொதி, பி.எச் 5.3 அசிடேட் பஃபர், 37 டிகிரி, இரவு முழுக்க. மறுபாதிக்கு நொதி தவிர மற்ற எல்லாம். இரண்டையும் மறுபடி சி-18இல் விட்டு 60 சதவீதப் பகுதியை அளந்தால், வித்தியாசம்தான் அந்தப் பாதியில் பூட்டியிருந்த அளவு, முழு அளவுக்கு அதை இரட்டியுங்கள்.

மெழுகு:
மேலே சொன்னதில் ஒரு சேர்ப்பு. நொதி போட்டும் அளவு ஏறவில்லையென்றால் பாஸ்பேட் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். 26-ஆம் கார்பனில் ஹைட்ராக்சில் சேர்த்து, மேலும் ஆக்சிஜனேற்றி எக்டைசோனிக் அமிலமாக்குவது பூச்சிகள் ஹார்மோனைக் கழிக்கும் வழி. அந்த அமிலங்களும் 25 சதவீதத்தில்தான் இறங்கும், நத்தை நொதி அவற்றை எக்டைசோனாகத் திருப்பாது. எச்.பி.எல்.சி.யில் (உயர் அழுத்தத்தில் சேர்மங்களைப் பிரிக்கும் கருவி) 242 நானோமீட்டர் ஒளியை ஒட்டிப் பாருங்கள், பிரிந்து நிற்கும்.

பட்டுப்புழுக் கதையை எல்லாப் பூச்சிக்கும் நீட்டவும் வேண்டாம். புகையிலைக் கொம்புப்புழு (மண்டுகா) முட்டையில் பெரும்பங்கு 26-ஹைட்ராக்ஸி எக்டைசோனின் 26-பாஸ்பேட்.

முட்டைத்தாள்:
நன்றி. 15 டிகிரியில் தாயை வளர்க்க நாள் பிடிக்கிறது. ஒப்பீட்டுக்கு, உறக்கநிலைக்குப் போகாமல் இருக்க அமிலம் காட்டிய முட்டை போதுமா?

கருவியல்:
போதும், ஆனால் தனித் தொகுதியாக வைத்துக்கொள்ளுங்கள், 15 டிகிரி முட்டையோடு கலக்காதீர்கள். அந்தத் தாய் உறக்கநிலை ஹார்மோன் சுரந்தவள், முட்டையின் கிளைக்கோஜன் சேமிப்பே வேறு மாதிரி இருக்கும். முட்டையிட்டு 20 மணி நேரம், ஒப்படர்த்தி 1.075 ஹைட்ரோகுளோரிக் அமிலம், 46 டிகிரி, 5 நிமிடம். நீல லிட்மஸ் சிவப்பது நிற்கும் வரை கழுவுங்கள். தாமதித்தால் ஒரே தாளில் பாதி பொரியும், பாதி உறங்கும், அளவீடு குழம்பிப்போகும். அப்புறம் மணிக்கணக்கை நம்பாமல் நாலைந்து முட்டையைப் பிரித்துக் கருவின் நிலையைப் பார்த்து ஒப்பிடுங்கள்.