செம்புக் குண்டு: .308-க்கு 150 கிரெயினா, 168-ஆ?

ஓக்காடு:
டெக்சஸில் இருந்தவரை ஈயக் குண்டுதான் போட்டேன், 165 கிரெயின் (குண்டின் எடை அளவு), எட்டு வருஷம் அதே பெட்டி, அதே ரைஃபிள். இப்போது வேலை மாறி கலிஃபோர்னியா வந்தாயிற்று. இங்கே 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயம் கூடாது, அதனால் செம்புக்கு மாறியே ஆக வேண்டும். என்னிடம் இருப்பது செகண்ட்ஹேண்டில் வாங்கிய .308 வின்செஸ்டர் ரைஃபிள். சான் பெனிட்டோ பக்கம் காட்டுப்பன்றி, ஆகஸ்டில் கறுப்புவால் மான், பெரும்பாலும் 200 கஜத்துக்குள், ஏதோ ஒரு தடவை 300. பார்ன்ஸ் கம்பெனியின் டிடிஎஸ்எக்ஸ் செம்புக் குண்டில் 150 கிரெயினும் 168 கிரெயினும் கடையில் இருக்கிறது. 168-க்கு பிசி (காற்றைக் கிழித்து வேகம் இழக்காமல் போகும் திறனின் எண்) அதிகம் என்று பெட்டியைப் பார்த்துவிட்டு அதையே எடுக்கலாமா என்று நினைக்கிறேன். இரண்டையும் அடித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மலையேறி:
பிசியை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். 150-க்கு .420, 168-க்கு .470, அது சரி. ஆனால் பேக்டரித் தோட்டாவில் 150 கிளம்புவது வினாடிக்கு 2820 அடி, 168 கிளம்புவது 2680. 300 கஜம் போய்ச் சேரும்போது 150-க்கு ஏறக்குறைய 2190, 168-க்கு 2135. 400-இல் 2000-மும் 1970-மும். இரண்டும் சமமாவது 500 கஜத்தில்தான், அங்கே இரண்டுமே சுமார் 1800. நீங்கள் சுடப்போகும் தூரம் முழுவதும் லேசான குண்டுதான் வேகமாகப் போகிறது. 200-இல் ஜீரோ வைத்தால் (குறி வைத்த இடத்திலேயே படும்படி ஸ்கோப்பைத் திருத்தினால்) 300-இல் இரண்டுக்கும் இறக்க வித்தியாசம் ஒரு அங்குலத்துக்கும் குறைவு. மணிக்கு 10 மைல் குறுக்குக்காற்றில் 168 அரை அங்குலம் குறைவாகத் தள்ளப்படும், அவ்வளவுதான்.

செம்பில் வேகம் ஏன் முக்கியம் என்றால், ஈயம் மெதுவாகப் பட்டாலும் நசுங்கிவிடும், செம்பு அப்படி இல்லை. மூக்கில் இருக்கும் குழி பிளந்து நான்கு இதழாக விரிய வேண்டும், அதற்கு வேகம் வேண்டும். படும் வேகம் 2000-த்துக்குக் கீழே போனால் நான் சுடுவதில்லை. இந்தக் கணக்கில் 150 உங்களுக்கு 400 கஜம் வரை தாங்கும், 168 அதற்குக் கொஞ்சம் முன்னாடியே நின்றுவிடும்.

கிழக்குச்சரிவு:
அண்ணன் சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், எங்கே சுடுகிறீர்கள் என்பதும் மாற வேண்டும். ஈயத்தில் பழகியவர்கள் முன்சப்பைக்குப் பின்னால் நுரையீரலில் வைப்பார்கள், ஈயம் உள்ளே சிதறுவதால் அது போதும். என் முதல் செம்புப் பன்றியை நான் அப்படித்தான் அடித்தேன். குண்டு உள்ளே போய் வெளியே வந்துவிட்டது, பன்றி 120 கஜம் ஓடி, புதருக்குள் நுழைந்து, ரத்தத்தடமும் சொட்டுச் சொட்டாகத்தான் இருந்தது, டார்ச் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் தேடினேன். ஒரு உயிரை அவ்வளவு நேரம் அலையவிட்டது இன்றைக்கும் உறுத்துகிறது. அதற்கப்புறம் முன்சப்பை எலும்பில் வைக்கிறேன். எலும்பில் பட்டால் இதழ் முழுசாக விரிகிறது, எடையும் கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது, பன்றி நின்ற இடத்திலேயே விழுகிறது. சப்பைக் கறியும் ஓட்டையைச் சுற்றிக் கொஞ்சம்தான் போகும், மிச்சத்தை என் பிள்ளைகளுக்கு ஈயத்தூள் பயம் இல்லாமல் சமைத்துப் போடுகிறேன்.

குடலை மலையிலேயே விட்டுவிட்டு வருகிறோம் இல்லையா, அதைத்தான் கழுகு தின்கிறது, அதில் ஈயத்தூள் இருந்தால் அதற்கு விஷம். 1982-இல் உலகத்திலேயே 22 கலிஃபோர்னியா காண்டோர்தான் (பிணம் தின்னும் பெரிய கழுகு) மிச்சம் இருந்தன. உங்கள் சான் பெனிட்டோவுக்கு மேலே இப்போது பறப்பவை பின்னகிள்ஸ் தேசியப் பூங்காவில் விடப்பட்ட கூட்டம். ஒரு தடவை தலைக்கு மேல் வட்டமடித்தபோது சிறகுச் சத்தமே கேட்டது.

எண்ணெய்த்துணி:
யாருமே குழலைப் பற்றிக் கேட்கவில்லை. ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்புக்கு 8.9தான். அதனால் ஒரே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாக இருக்கும், நீளமான குண்டு நேராகப் பறக்க, குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் சுருள் மரை இறுக்கமாக இருக்க வேண்டும். .308-இல் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்றும் உண்டு, 12-க்கு ஒரு சுற்றும் உண்டு. 12 என்றால் 168 செம்பு விளிம்பில் நிற்கிறது, குளிர்ந்த காலையில் இன்னும் மோசம். தம்பி, முதலில் அளந்து பாருங்கள். தோட்டா இல்லை என்று உறுதி செய்துவிட்டு, கைப்பிடி சுழலும் கிளீனிங் ராடில் துணியை இறுக்கமாகச் சுற்றி உள்ளே தள்ளுங்கள், ராடில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, அது ஒரு முழுச் சுற்று சுற்றி மேலே வரும்வரை எத்தனை அங்குலம் போயிற்று என்று பாருங்கள், அதுதான் உங்கள் மரை.

அப்புறம், புதுக் குண்டைப் போடும் முன் குழலைக் காப்பர் சால்வென்ட் போட்டு, துணியில் செம்புக் கறையின் நீலம் வருவது நிற்கும் வரை துடைத்துவிடுங்கள். பார்ன்ஸின் பழைய எக்ஸ் குண்டுகள் குழலில் செம்பு அப்புவதில் பேர் போனவை, 2003-இல் வந்த டிஎஸ்எக்ஸில் உடம்பைச் சுற்றிப் பள்ளம் வெட்டியபிறகுதான் குறைந்தது. வீட்டில் தோட்டா நிரப்புகிறவர் என்றால் ஈயக் குண்டின் வெடிமருந்து அளவை அப்படியே போடவே கூடாது, செம்புக்கென்று தனி அட்டவணை இருக்கிறது.

ஓக்காடு:
எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அளந்தேன், மூன்று தடவையும் 12 அங்குலத்துக்குப் பக்கத்தில்தான் வந்தது. துணியில் நீலம் போக இரண்டு நாள் ஆயிற்று, எட்டு வருஷ அழுக்கு. இன்று காலை 150-ஐ வைத்து 100 கஜத்தில் மூன்று சுட்டேன், ஒன்றேகால் அங்குலத்துக்குள் விழுந்தது, ஆனால் பழைய ஈயக் குண்டு விழுந்த இடத்துக்கு இரண்டங்குலம் மேலே. ஸ்கோப்பைத் திருத்திவிட்டேன். 200-க்கு அடுத்த சனிக்கிழமை. 168-ஐ வாங்கவில்லை.