ஸீரோவின் அடிப்பக்கம்

மாடல் கட்டுகிற பலரையும் போல நானும் மேற்பக்கத்துக்கே உயிரைக் கொடுத்தேன். இரண்டாம் உலகப் போரின் ஜப்பானியச் சண்டை விமானம் மிட்சுபிஷி ஏ6எம்2 ஸீரோ, 1/48 அளவு. உண்மை விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 12 மீட்டர். என் மேசையில் 25 சென்டிமீட்டர். நான் தேர்ந்தெடுத்தது சுயிகாக்கு கப்பலின் விமானம். 1942 ஏப்ரல் 9 காலை எங்கள் திருகோணமலையைத் தாக்கிய விமானந்தாங்கிக் கப்பல்களில் அதுவும் ஒன்று. வாலுக்கு முன்னால் உடலைச் சுற்றி இரண்டு வெள்ளைப் பட்டைகள் இருந்தால் சுயிகாக்கு, ஒன்றென்றால் ஷோகாக்கு.

நிறத்துக்கே இரண்டு வாரம் போயிற்று. ஸீரோ என்றதும் கரும்பச்சையை நினைக்கிறோம். அது போரின் பிற்பகுதி நிறம். 1942 தொடக்கத்தில் கப்பல்களிலிருந்து பறந்தவை மேலும் கீழும் ஒரே சாம்பல். வெறும் சாம்பல் அன்று, மஞ்சளும் பச்சையும் ஊறிய சாம்பல். ‘அமே-இரோ’, அதாவது பாகு மிட்டாய் நிறம் என்ற ஜப்பானியச் சொல்லை வைத்து மாடல்காரர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். நான் சாம்பலில் காவியைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தேன். ஐந்தாவது சொட்டில் பழைய பித்தளைக் குடத்தின் சாயல் தட்டியதும் நிறுத்திவிட்டேன். எஞ்சின் மூடிக்கு வெறும் கறுப்பைப் பூசாதீர்கள். கறுப்பில் நீலம் கலந்து பாருங்கள், மூக்கு உடனே உயிர் பெறும்.

இவ்வளவு பார்த்தவன் அடிப்பக்கத்தில் அவசரப்பட்டேன். டெக்கால், அதாவது சின்னங்கள் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படலம், ஒட்டுவதற்கு முன் பளபளப்பு வார்னிஷ் பூச வேண்டும். மங்கலான பெயின்ட் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு உடையது. அதன்மேல் ஒட்டினால் படலத்துக்கு அடியில் காற்று சிக்கிக்கொண்டு, காய்ந்ததும் சாம்பல் பூத்தது போல வெளுக்கும். இறக்கைகளின் கீழிருந்த இரண்டு சிவப்பு வட்டங்களும் அப்படியே வெளுத்தன. கீழே யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

அது 2017. அம்மம்மாவுக்கு 84 வயது. குண்டு விழுந்த அன்று அவருக்கு ஒன்பது. மாடலைக் கையில் கொடுத்தேன். நான் மாய்ந்து மாய்ந்து பூசிய மேற்பக்கத்தை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே கவிழ்த்தார், தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

“நாங்கள் முதுகை எங்கே கண்டோம், ராசா? வயிற்றைத்தானே கண்டோம். தென்னைக்கு மேலால் வந்தது. இரண்டு பக்கமும் பொட்டு. பொட்டு இப்படி மங்கிக் கிடக்கவில்லை. கால்களும் இல்லை.”

பிறகு சீனக்குடாப் பக்கம் எண்ணெய்க் குதம் எரிந்த புகையைப் பற்றிப் பேசினார். விமானத்தை மட்டும் கையிலிருந்து இறக்கவில்லை.

அன்றிரவே பிரித்தேன். டெக்காலை ஒட்டுநாடாவால் உரித்து, வார்னிஷ் பூசி, மிச்சமிருந்த இரண்டு வட்டங்களை ஒட்டினேன். ஓரிடத்தில் மறுபடியும் காற்று நின்றது. ஊசி முனையால் குத்தி, டெக்காலை இளக்கும் திரவத்தைத் தொட்டு வைத்ததும் படலம் தகட்டுக் கோடுகளுக்குள் படிந்து இறங்கியது. கால்களை வெட்டி எடுத்து, கதவுகளை அரத்தால் ராவி மூடினேன். அதற்கு மட்டும் மூன்று இரவுகள். காற்று எதிலும் தடுக்கக்கூடாது என்று வடிவமைப்பாளர் ஹொரிகோஷி ஜிரோ எவ்வளவு பாடுபட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் கைக்குத் தெரிந்தது. இந்த விமானத்தில் வால் சக்கரம்கூட உள்ளே மடங்கும். ஆணித்தலைகள் தகட்டோடு தகடாக அமிழ்ந்திருக்கும்.

இப்போது அது அலமாரியில் இல்லை. அம்மம்மாவின் கட்டிலுக்கு நேர் மேலே, கூரை வளையில் தங்கூசி நூலால் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். எந்த உயரத்தில் கட்டவேண்டும் என்று அவரைத்தான் கேட்டேன். “இன்னும் கீழே” என்றார். இரண்டு முறை இறக்கினேன்.